உலகச் சூழல் வரைவுகளுக்கு இணையத்தில் கருத்து அனுப்புவது: எங்கே போட்டால் படிக்கிறார்கள்?

#1 மேய்க்கால்

வணக்கம். ஐ.நா. அமைப்புகள், ஐபிசிசி (பருவநிலை அறிவியலை மதிப்பிடற அரசுகளுக்கிடையிலான குழு), ஐரோப்பிய ஆணையம், கார்பன் வரவுத் திட்டங்களைப் பதியற பதிவகங்கள்னு எல்லாருமே இப்ப "பொதுமக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது"ன்னு ஒரு பொத்தான் வெச்சிருக்காங்க. நாங்க சின்னக் குழு. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரியிலதான் இதெல்லாம் பாக்க முடியும், எல்லாத்துக்கும் எழுத நேரம் கிடையாது. கையெழுத்து இயக்கம் பத்திக் கேக்கலை. வரைவுல ஒரு வரியாவது மாறணும், இல்லைன்னா ஏன் மாத்தலைன்னு எழுத்துல பதில் வரணும். அதுக்கு எந்த இடம், எப்படி எழுதணும், எங்க சறுக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வரைவுக்காரர்

முதலில் பார்க்கவேண்டியது ஒன்றுதான். கருத்து வந்தால் அதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்ற விதி அந்த அமைப்பில் இருக்கிறதா? இருந்தால் உட்கார்ந்து எழுதுங்கள். இல்லாவிட்டால், உரை இன்னும் திறந்திருக்கிறதா என்றாவது பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அது விளம்பரப் பலகை.

இதற்குச் சரியான உதாரணம் 2012-இல் நடந்த ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி மாநாடு, ரியோ+20. பிரேசில் அரசும் ஐ.நா.வும் சேர்ந்து ‘ரியோ உரையாடல்கள்’ என்று ஒன்றை நடத்தின. பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இணைய விவாதம், அதிலிருந்து 100 பரிந்துரைகள், அவற்றுக்குப் பொது வாக்கெடுப்பு. 60,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு ஏறத்தாழ 14 லட்சம் வாக்குகள் போட்டார்கள். பிறகு ஜூன் 16 முதல் 19 வரை ரியோவில் நேரடி அமர்வுகள். தலைப்புக்கு மூன்று என்று 30 பரிந்துரைகள் தேர்வாகி, தலைவர்களின் வட்டமேசைக்குப் போயின.

தேதிகளைக் கவனியுங்கள். அரசுகளின் பேச்சுவார்த்தையைப் பிரேசில் தன் கையில் எடுத்துக்கொண்டதும் அதே நாள்களில்தான். 19-ஆம் தேதி உரை முடிந்துவிட்டது. தலைவர்கள் கூடியது 20-ஆம் தேதி. அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த 30-உம் மேசைக்கு வந்தபோது, ‘நாம் விரும்பும் எதிர்காலம்’ என்ற அந்த 283 பத்தி ஆவணத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் தொட முடியாது. புதைபடிவ எரிபொருள் மானியங்களை ஒழிக்கவேண்டும் என்ற பரிந்துரைக்கு இணையத்தில் நல்ல ஆதரவு. ஆவணத்தின் 225-ஆம் பத்தியோ, நாடுகள் ஏற்கெனவே கொடுத்திருந்த வாக்கை மறுபடி உறுதி செய்வதோடு நின்றுவிட்டது.

அதே மாநாட்டில் வேலை செய்த வாசல் வேறு. 2011 நவம்பர் 1-க்குள் எழுத்துமூலக் கருத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நாடுகள், ஐ.நா. அமைப்புகள், குடிமக்கள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 677 வந்தன. மொத்தம் சுமார் 6,000 பக்கங்கள். அதைப் பிழிந்து 2012 ஜனவரியில் 19 பக்க முதல் வரைவு வந்தது. பேச்சுவார்த்தை முழுக்க நடந்தது அந்த 19 பக்கத்தை வைத்துத்தான். அந்தக் கெடு எப்போது வந்து எப்போது போனது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. விளம்பரமெல்லாம் வாக்களிப்புத் தளத்துக்குத்தான்.

#3 நெய்தல்_செல்வி

வரைவுக்காரர் அண்ணா, எண்ணிக்கையை இப்படி மொத்தமா ஒதுக்கறது சரியில்லைங்க. 2020-ல ஐரோப்பிய ஆணையம் காடழிப்புப் பொருள்கள் பத்திக் கருத்துக் கேட்டப்ப கிட்டத்தட்ட 12 லட்சம் பதில் வந்துச்சு. முக்கால்வாசிக்கு மேல தொண்டு நிறுவனங்களோட ஒரே மாதிரிப் பதில்தான், மறுக்கலை. ஆனா சட்ட முன்மொழிவுல ஆணையமே அந்த எண்ணிக்கையை எடுத்து முன்னால வெச்சிக்கிச்சு. 2023-ல 1115-ஆம் எண் ஒழுங்குமுறையா சட்டமும் வந்துடுச்சு. காபி, ரப்பர், கொக்கோ, சோயா, பாமாயில், மாடு, மரம்னு ஏழு பொருள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிச்ச நிலத்துல விளைஞ்சிருந்தா ஐரோப்பியச் சந்தைக்குள்ள விடமாட்டாங்க. அந்த 12 லட்சம் இல்லாம இவ்வளவு கறாரான சட்டத்தைக் கொண்டுவர ஆணையத்துக்குத் தைரியம் வந்திருக்குமா?

#4 வரைவுக்காரர்

செல்வி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு எண்ணிக்கை உதவும். சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதவாது. அதே ஒழுங்குமுறையில், 4 ஹெக்டேர் வரை உள்ள நிலத்துக்கு ஒரே ஒரு அட்சரேகை-தீர்க்கரேகைப் புள்ளி போதும், அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்கவேண்டும், ஒவ்வொரு புள்ளியும் ஆறு தசம இடத்துக்கு இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கன்னியாகுமரியின் சிறு ரப்பர் விவசாயிக்கும் நீலகிரியின் காபித் தோட்டத்துக்கும் நேரடியாக உறைப்பது இந்த விதிதான். 12 லட்சம் பதில்களில் ஒரே மாதிரி வந்தவற்றில் இதைப் பற்றி எதுவும் இருந்திருக்க முடியாது. ஒரே மாதிரிப் பதில்களை ஆணையம் தனியாகப் பிரித்துவைத்துத்தான் பகுப்பாய்வு செய்கிறது.

எண்ணிக்கையின் இன்னொரு சிக்கல், கேள்வியை யார் வடிவமைத்தார்கள் என்பது. நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வகுப்பதற்கு முன் ஐ.நா. நடத்திய ‘மை வேர்ல்ட்’ கணக்கெடுப்பை நினைத்துப் பாருங்கள். 16 விருப்பங்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 97 லட்சம் பேர் வாக்களித்தார்கள். முதலிடம் நல்ல கல்வி. கடைசி இடம் பருவநிலை நடவடிக்கை. அதற்காகப் பருவநிலைக்கான 13-ஆம் இலக்கைக் கைவிட்டார்களா? இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை ஆகியவற்றின் பக்கத்தில் ‘பருவநிலை’ என்று ஒரு கட்டம் போட்டால் எந்த ஊரிலும் அது கடைசிக்குத்தான் போகும். இணையக் கணக்கெடுப்பு என்று பேர், பெரும்பகுதி வாக்குகள் தன்னார்வலர்கள் காகிதத்தில் வாங்கியவை. ஆகவே தன்னார்வலர்கள் சுறுசுறுப்பாக இருந்த நைஜீரியா, மெக்சிகோ போன்ற நாடுகளின் பங்கு தூக்கலாக இருந்தது.

#5 பனிக்கோடு

பதில் சொல்லும் கடமைன்னு பேச்சு வந்ததால ஐபிசிசி பத்தி விளக்கமா எழுதறேன். என் கணக்குல உலக அளவுல மிக நேர்மையான வாசல் இதுதான். குறையும் இருக்கு, அதையும் சொல்றேன்.

ஓர் அறிக்கை வெளிவர்றதுக்குள்ள மூணு சுற்று நடக்கும். முதல் வரைவு நிபுணர் மதிப்பீட்டுக்கு வரும். இரண்டாம் வரைவு, கொள்கை வகுக்கறவங்களுக்கான சுருக்கத்தோட வரைவும் சேர்ந்து, நிபுணர்களுக்கும் அரசுகளுக்கும் ஒரே நேரத்துல போகும். ஒவ்வொண்ணுக்கும் வழக்கமா எட்டு வாரம். கடைசிச் சுற்று அரசுகளுக்கு மட்டும், அதுல நமக்கு இடமில்லை. சுருக்கத்தை அரசுகள் வரிவரியா உட்கார்ந்து ஒப்புதல் கொடுக்கும், அதுலயும் இடமில்லை. நம்ம வேலை முதல் ரெண்டு சுற்றுலதான். அதுலயும் முதல் வரைவுக்கு எழுதறதுதான் லாபம். அப்ப அத்தியாயத்தோட கட்டமைப்பே இன்னும் இளகின நிலையில இருக்கும். இரண்டாம் வரைவுல ஆசிரியர்கள் வாக்கியத்தைத்தான் திருத்துவாங்க, பகுதியைப் புதுசாச் சேர்க்க மாட்டாங்க.

பதிவு செய்யறப்ப உங்க துறை என்ன, எந்த அத்தியாயத்துக்கு என்ன தகுதின்னு நீங்களே அறிவிக்கணும். அப்புறம் கடவுச்சொல்லோட வரைவு கிடைக்கும். கருத்துப் படிவம் ஒரு எக்செல் தாள் மாதிரி. அத்தியாயம், தொடங்கும் பக்கம், தொடங்கும் வரி, முடியும் பக்கம், முடியும் வரி, கருத்து. வரி எண் இல்லாத கருத்து எங்கயும் போய் ஒட்டாது.

இதோட பலம் என்னன்னா, ஒவ்வொரு கருத்துக்கும் ஆசிரியர்கள் பதில் எழுதணும். ஆறாம் மதிப்பீட்டோட முதல் பணிக்குழு அறிக்கைக்கு (2021) 234 ஆசிரியர்கள், வந்த கருத்துகள் 78,007. அத்தனைக்கும் பதில் இருக்கு. அறிக்கை வெளியானதும் கருத்தும் பதிலும் சேர்ந்தே தளத்துல ஏறிடும். ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, கணக்கில் எடுக்கப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டதுன்னு தொடங்கி ஒண்ணு ரெண்டு வரி. ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ன்னா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம். உங்க கருத்துல மாத்தவேண்டிய சொல் எதுன்னு இல்லாம, அபிப்பிராயம் மட்டும் இருந்திருக்கும்.

குறைன்னு சொன்னேனே. 2007 அறிக்கையோட ஆசிய அத்தியாயத்துல, இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள்ள காணாமப் போகலாம்னு ஒரு வரி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மதிப்பீட்டுச் சுற்றுலயே ஜப்பான் அரசு உள்பட சிலர் அந்த இடத்தைக் கேள்வி கேட்டிருந்தாங்க. ஆசிரியர்கள் ஒழுங்கா அதைப் பின்தொடரலை. 2010-ல ஐபிசிசி தப்பை ஒத்துக்க வேண்டியதாச்சு. அந்த வருசமே இன்டர்அகாடமி கவுன்சில் (பல நாட்டு அறிவியல் கழகங்களோட கூட்டமைப்பு) நடத்தின ஆய்வு, கருத்துகளுக்கு ஆசிரியர்கள் ஒழுங்காப் பதில் எழுதறாங்களான்னு பாக்கற மதிப்பீட்டுப் பதிப்பாசிரியர்கள் இன்னும் கறாரா இருக்கணும்னு சொல்லுச்சு. அதனால பதில் எழுதற விதி மட்டும் பத்தாது. ஆனா அந்தப் பதிவு இருந்ததாலதான் யார் கேட்டாங்க, யார் கண்டுக்கலைன்னு பின்னால தெரிஞ்சுது.

ஒரு எச்சரிக்கை. வரைவு ரகசியம். மேற்கோள் காட்டக் கூடாது, வாட்ஸ்அப்ல பகிரக் கூடாது. 2012 டிசம்பர்ல ஒரு மதிப்பீட்டாளர் ஐந்தாம் அறிக்கையோட வரைவைக் கசியவிட்டார். இறுதியாகாத ஒரு வரியைப் பிச்சுப் போட்டு வாரக்கணக்கா சண்டை நடந்துச்சு.

#6 தேனி_மிளகு

பனிக்கோடு சார், முனைவர் பட்டம் இல்லாதவங்க பதிவு பண்ண முடியுமா? எங்க பக்கம் மிளகு, காபி விவசாயிகள்கிட்ட மழை நாள் குறிப்பு வருசக்கணக்கா நோட்டுல இருக்கு. அதைக் கருத்தா அனுப்பலாமா?

#7 பனிக்கோடு

பட்டம் கேக்கறதில்லை. துறை அனுபவத்தை நீங்களே அறிவிக்கறதுதான். ஆனா நோட்டுத் தரவை அப்படியே அனுப்பினா எடுக்க மாட்டாங்க. ஐபிசிசி புதுசா ஆய்வு பண்ற அமைப்பு இல்லை, வெளியான ஆய்வை மதிப்பிடற அமைப்பு. ‘இந்த வரியில தென்னிந்திய மலைப் பயிர் விடுபட்டிருக்கு, இந்த ஆண்டு இந்த இதழ்ல வந்த கட்டுரை இதைச் சொல்லுது’ன்னு எழுதினா ஆசிரியர் அந்தக் கட்டுரையைப் படிச்சே ஆகணும். உங்க குறிப்பு, ஒரு வேளாண் பல்கலைக்கழக ஆளோட சேர்ந்து கட்டுரையாகி, அறிக்கைக்கு எடுத்துக்கற ஆய்வுக் கட்டுரைகளுக்கான கெடுவுக்குள்ள இதழ் ஏத்துக்கிட்டா உள்ள வரும். தள்ளிப்போனா அடுத்த சுழற்சிதான். அதுக்கு ஆறேழு வருசம் ஆகும்.

தனி ஆளா எட்டு வாரத்துல ஒரு அத்தியாயத்தைக்கூட முழுசாப் படிக்க முடியாது. இளம் ஆய்வாளர் அமைப்புகள் பகுதி பகுதியாப் பிரிச்சுக்கிட்டுக் குழுவா மதிப்பீடு செய்யறாங்க. அந்த முறை நல்லது.

#8 வன்னிக்காற்று

இங்கே யாரும் மொழி, நேரம் பற்றிக் கதைக்கவில்லை. எங்கட பக்கத்து ஆக்களுக்கு முதலில் தடக்குவது அதுதான்.

கெடு நேரம் எந்த நகரத்து நேரம் என்று பாருங்கோ. ஜெனீவா, பான், பிரஸ்ஸல்ஸ் என்றால் ‘23:59’ என்பது கோடையில் எங்களுக்கு அடுத்த நாள் அதிகாலை 3:29, குளிர்காலத்தில் 4:29. நியூயோர்க் என்றால் அடுத்த நாள் காலை 9:29 அல்லது 10:29. எங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறதுதான், ஆனால் கடைசி மணித்தியாலத்தில் உலகம் முழுக்க ஒரே தளத்தில் ஏறும். முதல் நாளே அனுப்பிவிட்டு, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கோ. அந்த மின்னஞ்சல் வராவிட்டால் சமர்ப்பிப்பு போகவில்லை என்றே எடுக்கவேணும்.

ஐ.நா. அதிகாரபூர்வ மொழிகள் ஆறு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 24. இரண்டிலும் தமிழ் இல்லை. ஆகவே உள்ளடக்கத்தைத் தமிழில் கூடிக் கதைத்து முடிவெடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதுவதற்கு என்று ஒருத்தரை ஒதுக்கவேணும். தமிழ் மூல ஆவணத்தைப் பின்னிணைப்பாகப் போடுவதென்றால் யூனிக்கோடில் இருக்கவேணும். பாமினியில் அடித்த கோப்பை வேர்டாக அனுப்பினால் அங்கே எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் என்றால் பார்க்கலாம், ஆனால் தேடவோ மொழிபெயர்ப்பு மென்பொருளில் போடவோ ஏலாது.

உள்நாட்டுச் சட்டத்தையும் மறக்காதேங்கோ. இலங்கையில் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 30 நாள் பொதுமக்கள் கருத்துக் காலம் உண்டு. அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரவேணும். வெளிநாட்டு நிதி வரும் திட்டம் என்றால் அந்த 30 நாளில் நீங்கள் எழுதியதன் பிரதி பிறகு நிதி நிறுவனத்தில் கேள்வி கேட்க ஆதாரமாகும். பசுமைப் பருவநிலை நிதியம் தன் சபை முடிவெடுக்கமுதல், அதிக ஆபத்துள்ள ‘ஏ’ வகைத் திட்ட ஆவணங்களை 120 நாளும் ‘பி’ வகையை 30 நாளும் வெளியில் வைக்கவேணும் என்று விதி வைத்திருக்கிறது.

#9 அடைப்புக்குறி

அரசுகள் உட்கார்ந்து பேசும் உரை (ஒப்பந்தம், சட்டகம், பிரகடனம்) என்றால் விளையாட்டு வேறு. அங்கே பார்வையாளர் அமைப்பு சொன்ன வாசகம் தானாக உரையில் ஏறாது. பல்லுயிர் உடன்படிக்கையில் நடைமுறை வெளிப்படை. பார்வையாளர் சொன்னதை ஒரு நாடாவது ‘ஆதரிக்கிறோம்’ என்று சொன்னால்தான் சதுர அடைப்புக்குறிக்குள்ளாவது (இன்னும் ஒப்புக்கொள்ளாத வாசகம் என்று) போகும். ஆகவே நீங்கள் எழுதுவது செயலகத்துக்கு அல்ல, அதை எடுத்துப் பேசப்போகிற ஒரு நாட்டுப் பிரதிநிதிக்கு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜூலையில் வந்த உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் முதல் வரைவில் 21 இலக்குகள். பாலினச் சமத்துவத்துக்குத் தனி இலக்கு கிடையாது. மகளிர் குழு வாசகத்தைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு நாடு நாடாகப் போனது. கோஸ்டாரிகா அதை எடுத்து முன்வைத்தது, வேறு நாடுகள் சேர்ந்துகொண்டன. 2022 டிசம்பர் 19 அன்று மாண்ட்ரியலில் நிறைவேறிய சட்டகத்தில் 23 இலக்குகள். 23-ஆவது அதுதான். அவர்கள் போனது ‘பாலினத்தை மறக்காதீர்கள்’ என்று சொல்ல அல்ல. அப்படியே வெட்டி ஒட்டக்கூடிய ஒரு வாக்கியம் கையில் இருந்தது.

எழுதும் விதம்: பத்தி எண், இருக்கிற வாசகம், நீக்கவேண்டியதைக் குறுக்குக்கோடு போட்டு, சேர்க்கவேண்டியதைத் தடித்த எழுத்தில், அதன் கீழே காரணம் இரண்டே வரி. முடிந்தவரை வேறொரு ஐ.நா. தீர்மானத்தில் எல்லா நாடும் ஏற்றுக்கொண்ட சொற்றொடரையே எடுத்துப் போடுங்கள், எந்தத் தீர்மானம் எந்தப் பத்தி என்பதையும் குறிப்பிடுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சொற்களை மறுக்க ஒரு பிரதிநிதிக்குத் தலைநகரத்திலிருந்து அனுமதி வேண்டும். புதிய சொல்லை மறுக்க எதுவும் வேண்டாம். ‘ஷல்’ என்று இருப்பதை ‘ஷுட்’ ஆக்கினால் கட்டாயம் போய்ப் பரிந்துரை ஆகிவிடும். 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டில் கடைசி மணிநேரத்தில் ஒப்பந்தத்தின் 4.4 பிரிவு அப்படித்தான் மாறியது. அமெரிக்கா பிடிவாதம் பிடிக்க, ‘எழுத்துப்பிழைத் திருத்தம்’ என்று செயலகம் வாசித்துவிட்டது.

யார் வழியாக அனுப்புவது? 1992-இல் ‘அஜெண்டா 21’ வகுத்த ஒன்பது முதன்மைக் குழுக்கள் இன்றும் நடைமுறையில் உண்டு: பெண்கள், இளையோர், பழங்குடியினர், தொண்டு அமைப்புகள், உள்ளாட்சிகள், தொழிலாளர், வணிகம், அறிவியலாளர், விவசாயிகள். ஐ.நா. உயர்மட்ட அரசியல் மன்றத்தில் இவர்கள் எல்லா அதிகாரபூர்வக் கூட்டத்திலும் உட்காரலாம், பேசலாம், ஆவணம் கொடுக்கலாம் என்று 2013-இன் 67/290 தீர்மானம் சொல்கிறது. சின்ன அமைப்பு நேரடியாக அங்கீகாரம் வாங்க அலைவதைவிட, பொருத்தமான குழுவின் அஞ்சல் பட்டியலில் சேர்ந்து அவர்களின் நிலைப்பாட்டு அறிக்கையில் ஒரு பத்தியை நுழைப்பது விரைவு. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதிக்கு அமைப்பு தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்கவேண்டும், விண்ணப்பக் கெடு ஜூன் 1, அதற்குப் பிறகு 19 நாடுகள் கொண்ட குழு கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தள்ளிப்போடும்.

கொட்டிக் குவிக்கும் இடங்களும் உண்டு. பாரிஸ் ஒப்பந்தத்தை நாடுகள் எவ்வளவு நிறைவேற்றியிருக்கின்றன என்று பார்க்கும் முதல் உலகக் கணக்கெடுப்புக்கு (2022–23) யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றார்கள். சேர்ந்தது 1,70,000 பக்கங்களுக்கு மேல். தொகுப்பறிக்கையில் வந்த முக்கிய முடிவுகள் 17. உங்கள் 40 பக்க அறிக்கை அதில் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

#10 நெய்தல்_செல்வி

அடைப்புக்குறி தோழர் சொல்றது பேச்சுவார்த்தை அறைக்குப் பொருந்தும். ஆனா ஐரோப்பிய ஆணையத்துல இப்பவும் நமக்கு நேரடியா எழுத வழி இருக்கு, அதைக் கொஞ்சம் சொல்லிடறேன். ‘ஹேவ் யுவர் சே’ தளத்துல உலகத்துல எந்த நாட்டுக்காரரும் எழுதலாம். இ.யூ. லாகின் கணக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான். முழுப் பொதுக் கருத்துக் கேட்புக்கு 12 வாரம். சட்ட முன்மொழிவு வந்தபிறகு 8 வாரம். துணைச் சட்ட வரைவுகளுக்கு 4 வாரம். பெட்டியில 4,000 எழுத்துக்குறிதான், மிச்சத்தைக் கோப்பா இணைக்கலாம். அனுப்பினது பேரோட தளத்துல வெளியாகும். பேரை மறைக்கணும்னா முன்னாடியே தேர்ந்தெடுக்கணும்.

எல்லாரும் 12 வாரக் கேட்புல எழுதிட்டு ஓய்ஞ்சிடறாங்க. நிஜமான நட்டு போல்ட்டு அந்த 4 வார வரைவுலதான் இருக்கு. இது உவமை இல்லைங்க, இறக்குமதிப் பொருளோட கார்பன் உமிழ்வுக்கு ஐரோப்பா போடற எல்லைக் கார்பன் வரியில திருகாணி போல்ட்டும் பட்டியல்ல இருக்கு. இரும்பு, அலுமினியம் அனுப்பற கோவை, ஓசூர்ப் பட்டறைக்கு என்ன படிவம், எந்தக் கணக்கு முறை, தரவு இல்லைன்னா எப்ப இயல்புநிலை மதிப்பைப் போடலாம்னு தீர்மானிச்சது 2023 ஜூன்ல வந்த வரைவு. கருத்துக் காலம் ஜூன் 13 முதல் ஜூலை 11 வரைக்கும். ஆகஸ்ட் 17 அன்னைக்கு நிறைவேத்திட்டாங்க. சங்கங்கள் செயற்குழுவைக் கூட்டறதுக்குள்ள அந்த நாலு வாரம் ஓடிடும். தளத்துல அந்தச் சட்டத்தோட பக்கத்துக்குச் சந்தா போட்டு வெச்சா மின்னஞ்சல் வரும்.

#11 புறம்போக்குப்_பறவை

மேய்க்கால் அண்ணே, உங்க பேரைப் பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. உள்ளூர்ல இருக்கிறவங்களுக்கு மத்தவங்களைவிடக் கூடுதல் பலம் இருக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அது கார்பன் திட்டங்களோட பொதுக் கருத்துக் காலம். கார்பன் வரவுகளைப் பதியற வெர்ராங்கற பதிவகத்துல ஒரு திட்டம் பட்டியல்ல ஏறினா 30 நாள். யாரு வேணும்னாலும் எழுதலாம். வந்த கருத்துக்குத் திட்டக்காரர் பதில் சொல்லணும், சரிபார்ப்பு நிறுவனம் அந்தப் பதிலை எடைபோட்டுத் தன் அறிக்கையில எழுதணும். வரைவுக்காரர் கேட்ட அந்தக் கடமை இங்க இருக்கு.

செய்யவேண்டியது இதுதான். பதிவகத் தளத்துல நாடு இந்தியா, வகை மரநடவு அல்லது நிலப் பயன்பாடுன்னு போட்டுத் தேடுங்க. திட்ட விவர ஆவணமும் கேஎம்எல் கோப்பும் இறக்குங்க. கேஎம்எல்லைக் கூகுள் எர்த்துல திறந்தா நிலத்தோட எல்லைக் கட்டங்கள் வரும். பழைய படத்துக்குப் போற கடிகாரக் குறியை அழுத்தி, திட்டம் தொடங்கறதுக்கு முந்தின வருசங்கள்ல அங்க என்ன இருந்துச்சுன்னு பாருங்க. ஏற்கெனவே மரம் இருந்த இடத்தை ‘தரிசு’ன்னு காட்டியிருந்தா அதுவே பெரிய கேள்வி. அடுத்து சர்வே எண்ணைக் கண்டுபிடிச்சு, தமிழக அரசோட இ-சேவைகள் தளத்துல அ-பதிவேட்டைப் பாருங்க. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தா வகைப்பாடு தெரிஞ்சிடும். திட்ட ஆவணத்துல ‘தனியார் தரிசு’ன்னும் பதிவேட்டுல ‘மேய்க்கால் புறம்போக்கு’ன்னும் இருந்தா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படம் எடுத்து இணைங்க. சரிபார்ப்பு நிறுவனம் அதைத் தாண்டிப் போறது கஷ்டம்.

சறுக்கற இடம்: எல்லைக்கோடு பத்து இருபது மீட்டர் தள்ளி இருக்குன்னு புகார் எழுதாதீங்க. செயற்கைக்கோள் படமும் கிராம வரைபடமும் அந்த அளவுக்கு ஒண்ணுக்கொண்ணு விலகறது சாதாரணம். அதைக் காட்டி மொத்தக் கருத்தையும் தள்ளிடுவாங்க. முழுப் புலமே வேற வகையில இருந்தா மட்டும் எழுதுங்க. அதே மாதிரி ‘கார்பன் சந்தையே மோசடி’ன்னு ஆரம்பிச்சீங்கன்னா பதில் ஒரே வரியில முடிஞ்சிடும். அது உண்மையா இல்லையாங்கறது வேற விவாதம், சரிபார்ப்பாளருக்கு அதுல அதிகாரம் இல்லை.

உள்ளூர் மக்கள் கலந்தாய்வுன்னு ஆவணத்துல ஒரு பகுதி வரும். தேதி, இடம், வருகைப் பதிவு எல்லாம் இருக்கும். அந்தத் தேதியில அந்த ஊர்ல கூட்டம் நடந்துச்சா, ஆடு மேய்க்கிறவங்க வந்தாங்களா, அறிவிப்பு எந்த மொழியில இருந்துச்சுன்னு ஊர்ல விசாரிச்சு எழுதலாம். டில்லியில உக்காந்திருக்கிற நிபுணரால இதைச் செய்ய முடியாது.

#12 தேனி_மிளகு

இன்னொரு சந்தேகம். ஏஐ வெச்சு ஆயிரம் கருத்து எழுதி அனுப்பினா?

#13 வரைவுக்காரர்

ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். ஒத்த வாசகங்களை மென்பொருள் கொத்துக் கொத்தாகப் பிரித்துவிடும். சொற்களை மாற்றிப் போட்டாலும் வாதம் ஒன்றே என்றால் பதிலும் ஒன்றே. மோசமான பக்கம் என்னவென்றால், ஏஐ இல்லாத பத்தி எண்ணையும் வராத கட்டுரையையும் நம்பிக்கையோடு எழுதிவிடும். ஆசிரியர் ஒன்றைச் சரிபார்த்து அது பொய் என்று கண்டால் உங்கள் மற்ற கருத்துகளையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பார். ஆங்கிலத்தைத் திருத்தப் பயன்படுத்துங்கள், போதும்.

கூட்டமாக எழுதுவதால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் போனது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வரைவை வெளியிடுமாறு டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துக் கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. அந்த வரைவு கடைசிவரை இறுதியாகவில்லை. அதுவரை வெற்றிதான். ஆனால் அதில் இருந்த சில ஏற்பாடுகள் அலுவலகக் குறிப்பாணைகளாகத் தனித்தனியே வந்தன. முன் அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களை வரன்முறைப்படுத்தும் 2021 ஜூலை 7 குறிப்பாணை அப்படி ஒன்று. அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்தே கேட்கவில்லை என்ற வாதத்தோடு வந்த வழக்கில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. குறிப்பாணைக்குக் கருத்துக் காலம் கிடையாது. அது வெளியான அன்றே யாராவது பார்த்தாகவேண்டும்.

#14 மேய்க்கால்

எல்லாருக்கும் நன்றி. இப்பத்திக்கு ரெண்டு வேலை எடுத்துக்கறோம். எங்க மாவட்டத்துல இருக்கிற மரநடவுத் திட்டங்களோட கேஎம்எல்லை இறக்கி அ-பதிவேட்டோட ஒப்பிடறது ஒண்ணு. ஐபிசிசியோட அடுத்த வரைவுச் சுற்றுல மேய்ச்சல் நிலம், வறண்ட நிலம் வர்ற பகுதிகளை மட்டும் பிரிச்சுப் படிக்கறது இன்னொண்ணு. பனிக்கோடு சார், ஒரே பத்தியில நாலு தப்பு இருந்தா சேர்த்து எழுதலாமா?

#15 பனிக்கோடு

வேண்டாம். நாலுக்கும் நாலு வரிசை. ஒரே கட்டத்துல சேர்த்துப் போட்டா, அதுல சுலபமான ஒண்ணைத் திருத்திட்டு ‘ஏற்கப்பட்டது’ன்னு முடிச்சிடுவாங்க. கனமான மூணும் பதில் இல்லாமலே போகும். ஒவ்வொரு வரிசையிலயும் பக்கமும் வரியும் தனித்தனியாக் கொடுங்க. வரைவோட எந்தப் பதிப்புன்னு கோப்புப் பேரைப் பாத்து உறுதி பண்ணிக்குங்க. முதல் வரைவோட வரி எண்ணை இரண்டாம் வரைவுக் கருத்துல போட்டா அது வேற ஏதோ வாக்கியத்துல போய் நிக்கும். அனுப்பின தாளோட பிரதியை வெச்சுக்குங்க, அறிக்கை வந்ததும் பதில் தாளை இறக்கி உங்க பேரைத் தேடிப் பாருங்க.